காலித் துளை

பாலத்துக்குத் தூண் போட வந்த இயந்திரம்
ராயக்கோட்டை சாலையோரம் மூன்றாவது தடவையாகக்
கம்பியை அறுத்தபோது
முதலாளி முனிரத்தினம் சொன்னார்:
"போதும். நெட் போனுக்கு மாறிடலாம்."

எண் மட்டும் மாறக்கூடாது.
லாரிகளின் பின்கதவில், தார்ப்பாய் மூலையில்,
சூளகிரி தாபா ஒன்றின் சுவரில் கரித்துண்டால்
எழுதிக் கிடக்கிற எண் அது.
எண்ணை விடாமல் கம்பியை விடுவதற்கு
ஆதார் நகல் இரண்டு, ஜி.எஸ்.டி. சான்று ஒன்று,
பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளும் சிவப்புப் போன்
மேசையில் சும்மா கிடந்தது.
தினமும் துடைத்தேன். பழக்கம்.

அடாப்டர் வாங்கப் பழையபேட்டைக்கு என்னை அனுப்பினார்.
இம்தியாஸ் கடையில் மூன்று தினுசு,
மூன்றும் சோப்புப் பெட்டி அளவு.
ஒரு போர்ட்டா, ரெண்டு போர்ட்டா?
சுத்துற டயலா, பட்டனா?
ஃபேக்ஸ் உண்டா?
டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னேன்.
பட்டன்தான், ஆனால் எட்டு மட்டும் அழுத்தி அழுத்தித்தான் விழும்.
ஃபேக்ஸ் இருக்கிறது, அதன்மேல் முதலாளியின் ஹெல்மெட் இருக்கிறது.
"அப்ப ஒரு போர்ட்டே போதும்க்கா."
விலையில் அறுநூறு ரூபாய் வித்தியாசம்.
ரெண்டு போர்ட் வாங்கினேன்.
ஒரு துளை காலியாக இருக்கட்டும் என்று தோன்றியது.
ஏன் என்று எழுத ரசீதில் இடமில்லை.

படியிறங்கும்போது கேட்டான்: "யூ.பி.எஸ். இருக்கா?"
போனுக்கு எதற்கு?
"பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலேர்ந்து
கம்பிலயே கரண்ட் வரும்க்கா.
இதுக்கு நீங்கதான் குடுக்கணும்."

ஊரே அணைந்துபோன மழை ராத்திரிகளில்
சிவப்புப் போன் மட்டும் எப்படி அலறியது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
எங்கோ ஒரு பேட்டரி அறையில்
யாரோ விழித்திருந்திருக்கிறார்கள்.
நான் வாடகை ஜாஸ்தி என்று திட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள், காலை ஒன்பதே கால்.
பெட்டியில் பச்சை விளக்கு.
முதல் அழைப்பு விருதுநகர் தெய்வநாயகம்.
"என் புளி எங்கம்மா வருது?"
பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது, எப்போதும்போல:
"தொப்பூர் தாண்டிடுச்சுங்க."

அரை நொடி கழித்து
என் காதுக்கே திரும்பி வந்தது ஒரு பெண் குரல்,
தொப்பூர் தாண்டிடுச்சுங்க.

ஜன்னலுக்கு வெளியே திம்மராயன்
லாரி நிழலில் குந்திப் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.
தார்ப்பாய்கூடக் கட்டவில்லை.

இந்த நாற்காலியைவிட்டு எழாமல்
எத்தனை வண்டியைக் கணவாய் இறக்கியிருக்கிறேன்,
என் வாயாலேயே.
ஒன்றும் இப்படித் திரும்பி வந்து
என் முன்னால் நின்றதில்லை.
"சேலத்துல டீ குடிப்பாங்க" என்றேன் அவசரமாக.
சேலத்துல டீ குடிப்பாங்க, என்றது பெட்டி,
என்னைவிடக் கொஞ்சம் நிதானமாக,
நம்பாத மாதிரி.

அவருக்கு எதுவும் கேட்கவில்லையாம்.
எனக்கு மட்டும்தான்.

மத்தியானம் இம்தியாஸ் லேப்டாப்போடு வந்தான்.
"எக்கோக்கா. சவுண்டை ரெண்டு பாயின்ட் குறைச்சாப் போயிடும்."
குறைத்தான். போய்விட்டது.
சொந்த செல்லுக்கு அடித்து ஹலோ ஹலோ என்றேன்.
துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு மறுபடி தெய்வநாயகம்.
பக்கத்து மேசையில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவு.
"இப்ப எங்கம்மா?"

வாயைத் திறந்தேன்.
எதுவும் திரும்பாது என்று தெரியும்.
இருந்தாலும் அந்த அரை நொடிக்காக நின்றேன்.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"
"இருக்கேங்க.
வண்டி காவேரிப்பட்டணத்துல நிக்குதுங்க. பஞ்சர்.
மத்தியானம்தான் கிளம்புச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
லைன் போய்விட்டதோ என்று பெட்டியைப் பார்த்தேன்.
முதல் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது.
இரண்டாவது, ஒன்றும் செருகாதது,
அணைந்தே இருந்தது.